அறுபது விழுக்காடு

கயல் டீச்சர் பேசிக்கொண்டிருந்தபோது பாதி வாக்கியத்தில் மைக் செத்துப்போனது. மேடையில் யாரும் சுவிட்சைத் தொடவில்லை. அதற்கென்று ஆள் வைத்துக்கொள்ளும் காலம் மலையேறிவிட்டது. கூட்டத்தின் கையில் கட்டியிருக்கும் பட்டைகளே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

பட்டைக்கு அரசிதழில் உணர்வளவி என்று பெயர். பார்க்கக் கைக்கடிகாரம் மாதிரி இருக்கும். நூறு பேருக்கு மேல் கூடும் எந்த நிகழ்ச்சிக்கும் வாசலிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். ரத்த ஓட்டம், வியர்வை, உடம்புச் சூடு என்று எதையெதையோ படித்துவிட்டு, கட்டியிருப்பவரின் மனம் புண்பட்டதா இல்லையா என்று சொல்லிவிடும். கூட்டத்தில் அறுபது விழுக்காட்டினருக்கு ஒரே சமயத்தில் புண்பட்டால் மைக் தானாக நின்றுவிடும். பேசியவர்மேல் வழக்கும் தானாகப் பதிவாகிவிடும். குற்றம் உறுதியானால் ஜெயில் கிடையாது, குரல்தடை. ஐந்து வருடத்துக்கு அந்தக் குரலை எந்த மைக்கும் வாங்காது, எந்தத் தொலைக்காட்சியும் அலைபேசியும் கடத்தாது. பேசிப் பிழைப்பவர்களுக்கு ஜெயிலே தேவலை.

நான் வக்கீல், பெயர் வேதவல்லி. மன உணர்வுக் காப்புச் சட்டம் என்று இதைக் கொண்டுவந்தபோது கைதட்டி வரவேற்றவர்களில் நானும் ஒருத்தி. அதற்கு முன்னால் நடந்த கூத்து அப்படி. காலைக் காப்பியை உறிஞ்சிக்கொண்டே எவனாவது பேப்பரைப் பார்ப்பான், என் மனம் புண்பட்டுவிட்டது என்று ஸ்டேஷனுக்கு நடப்பான். எழுதினவனோ பேசினவனோ ஊர் ஊராகக் கோர்ட் வாசலில் நிற்பான். எங்கே, அந்தப் புண்ணைக் காட்டு பார்க்கலாம் என்று யாரும் கேட்க முடியாது. பேச்சுரிமைக்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்று அரசியல் சாசனம் சொல்கிறது. எது நியாயம் என்றுதான் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டோம். கடைசியில் ஒரு எண் கிடைத்தபோது அப்பாடா என்று இருந்தது.

அந்த எண் கயலைப் பிடித்ததும் அவள் என்னிடம் வந்தாள்.

முழுப் பெயர் அங்கயற்கண்ணி. கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள், அதை விட்டுவிட்டு முழுநேரப் பட்டிமன்றப் பேச்சாளர் ஆனவள். அரசவனூர்த் தேர்த் திருவிழாவில்தான் மைக் நின்றது.

"என்ன பேசுனீங்க? ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க" என்றேன்.

"தலைப்பு 'ஊருக்குப் பெருமை தேரா, நீரா'. நான் நீர் அணி மேடம். தேர்த் திருவிழாவுல போய் நீருக்குப் பேசிக் கைதட்டு வாங்குறது லேசுல்ல. உள்ளூர்ச் சரக்கு ஏதாவது வேணும். ஸ்டேஷன்லேருந்து கூட்டிட்டுப் போற டிரைவர்கிட்ட ஊர்க்கதை கேப்போம், எல்லாப் பேச்சாளரும் செய்யறதுதான். எந்தக் கடையில அல்வா நல்லாருக்கும், பஸ் ஸ்டாண்டுல எந்த எடத்துல குழி, இந்த மாதிரி. மேடையில எடுத்து விட்டா, அட நம்ம ஊரைத் தெரிஞ்சு வச்சிருக்காங்களேன்னு தட்டுவாங்க. அன்னைக்கு அந்த டிரைவர் சொன்ன கதை வேற மாதிரி இருந்துச்சு."

போன மழைக்காலத்தில் அரசவனூர்க் காலனியில் ஒரு வயதான அம்மாள் இறந்துபோனார். சுடுகாட்டுக்கு நல்ல வழி தேரோடும் தேரடித் தெரு. காலனிப் பிணம் அந்த வழியாகப் போகக்கூடாது என்பது எழுதாத விதி. போகவேண்டிய வழியில் வாய்க்கால் பெருக்கெடுத்து ஓடியது. கழுத்தளவுத் தண்ணீரில் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள். தேரடித் தெருக்காரர்கள் மாடியில் குடையோடு நின்று பார்த்தார்கள்.

"இதை எப்படிச் சொன்னீங்க?"

கயல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரல் தானாக மேடைக் குரலாக மாறிவிட்டது. "'இந்த ஊரிலே தேர் போவதற்கு நாற்பதடித் தெரு உண்டு. ஆனால் ஒரு பிணம் போவதற்கு, கழுத்தளவு வாய்க்கால்தான் உண்டு!' அப்படின்னு சொன்னேன். தட்டினாங்க."

"தட்டினாங்களா?"

"அந்த ஏத்த எறக்கத்துல சொன்னா கை தானா தட்டிடும் மேடம், பழக்கம். தட்டி முடிச்சப்புறம்தான் என்ன சொன்னேன்னு அவங்களுக்கு உறைச்சிருக்கு. 'மாடியில் நின்று பார்த்தீர்களே, உங்களில் ஒருவராவது' அப்படின்னேன். அதோட மைக் நின்னுடுச்சு."

நடந்தது உண்மை. ஊருக்கே தெரியும். ஆனால் இந்தச் சட்டத்தில் உண்மை ஒரு வாதமே அல்ல. உண்மை சொல்லிப் புண்பட்டாலும் புண் புண்தான் என்று உச்ச நீதிமன்றம் வரைக்கும் தீர்ப்பு இருக்கிறது.

விசாரணையின் முதல் நாளே அது எனக்கு உறைத்தது. விழாக் குழுத் தலைவர் வைரவநாதன் கூண்டில் ஏறி, நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டுல வந்து எலையில துப்பிட்டுப் போன மாதிரி இருந்துச்சுங்கய்யா. ஊரே கொதிச்சுப் போச்சு."

நான் எழுந்தேன். "வாய்க்காலில் பிணம் போனது உண்மையா, இல்லையா?"

அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். கேள்வி வழக்குக்குத் தொடர்பில்லாதது என்றார். நீதிபதியும் ஆமாம் என்றார். வைரவநாதன் என்னைப் பார்த்து, பாவம் இந்த அம்மா என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப்போனார்.

வீட்டுக்கு வந்து அந்தக் கூட்டத்தின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கொதித்துப்போன கூட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். நாற்காலி பறக்கும், செருப்பு பறக்கும், பத்துப் பேராவது மேடையைப் பார்த்துக் கையை நீட்டுவார்கள். அரசவனூரில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை. அத்தனை பேரும் குனிந்து தங்கள் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புண்பட்டவன் எதிராளியின் முகத்தையல்லவா பார்ப்பான்?

மறுநாள் உணர்வளவி மையத்தின் நிபுணர் இருதயராஜ் சாட்சி சொல்ல வந்தார். அரசுத் தரப்புச் சாட்சிதான். நல்ல மனிதர், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகியவர். நான் குறுக்கு விசாரணைக்கு எழுந்தேன்.

"உங்க பட்டை எதை அளக்குது?"

"மனசுல ஒண்ணு படும்போது உடம்பு படுற பாட்டை அளக்குதுங்க."

"கோவத்துல உடம்பு படுற பாடும் வெக்கத்துல படுற பாடும் ஒண்ணா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தக் கேள்விக்காக வெகுநாளாகக் காத்திருந்தவர்போல இருந்தது.

"மொதல்ல கொஞ்ச நேரத்துக்கு ஒண்ணு மாதிரிதாங்க இருக்கும். அப்பறம் பிரிஞ்சுடும். புண்பட்டவருக்கு ரத்தம் கைக்கு வரும், கை சுடும். வெக்கப்பட்டவருக்கு மூஞ்சிக்குப் போயிடும், கை சில்லிட்டுடும்."

"பட்டை கையிலதானே கட்டியிருக்கு? அப்ப அதுக்கு வித்தியாசம் தெரியும்?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"யாரும் கேக்கலீங்க. சட்டத்துல புண்ணுன்னு இருக்கு. வெக்கம்னு ஒரு வார்த்தையே இல்லை. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குடுத்துக்கிட்டிருக்கோம்."

கோர்ட்டில் ஒரு சலசலப்பு. நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இத்தனை வருடமாகக் குரல் போனவர்களையெல்லாம் அவர் நினைத்திருக்கவேண்டும். நான் நினைத்தேன். அவர்களில் ஒருவனுக்கு நானே எதிர்த்தரப்பு வக்கீல்.

பட்டைகளின் பதிவை, பெயர் வெளியில் தெரியாமல், மறுபடி பிரித்துப் பார்க்க உத்தரவானது. முடிவு வந்தது. அன்றைக்கு அரசவனூரில் புண் அறுபதைத் தொடவே இல்லை. கிட்டக்கூட வரவில்லை. அளவு ஏறிய கைகள் ஏறக்குறைய எல்லாமே சில்லிட்ட கைகள்.

கயல் விடுதலை. "வெட்கம் காயம் அல்ல, காயம் ஆறத் தொடங்கும் இடம் அது" என்று நீதிபதி தீர்ப்பில் எழுதினார். அவருக்கும் பட்டிமன்ற ஆசை உள்ளூர இருந்திருக்கிறது.

கோர்ட் வாசலில் வைரவநாதனைப் பார்த்தேன். தலை கவிழ்ந்து போவார் என்று எதிர்பார்த்தேன். மனிதர் சிரித்துக்கொண்டே கும்பிட்டார்.

"ஜெயிச்சுட்டீங்க, சந்தோஷம். எங்களுக்கும் ஒண்ணும் நட்டமில்லீங்க. அரசவனூரு வெக்கம் உள்ள ஊருன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு. இந்தக் காலத்துல எத்தனை ஊருக்கு அந்தப் பேரு கெடைக்கும்?"

"பாதை விடுவீங்களா?"

"அது வேற விஷயமுங்க" என்றார் அவர், சிரிப்புக் குறையாமல்.

கயல் அங்கேயே எல்லாருக்கும் லட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இருதயராஜும் ஒன்று எடுத்துக்கொண்டார். ஆனால் கடிக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"மேடம், கோர்ட்டு விழுக்காடுதான் கேட்டுச்சு, குடுத்துட்டேன். கேக்காதது ஒண்ணு இருக்கு. சொல்லலாமான்னு தெரியல."

"சொல்லுங்க."

"அந்தக் கூட்டத்துல ஒரு பட்டை மட்டும் வேற மாதிரி. அது வெக்கம் இல்ல, சுத்தமான புண்ணு. நான் இவ்வளவு பெரிய புண்ணை எந்தப் பதிவுலயும் பாத்ததில்ல. மத்தவங்களுக்கெல்லாம் மாடின்னு சொன்னப்பத்தான் ஏறுச்சு. இவருக்கு அதுக்கு முன்னாடியே, எல்லாரும் கை தட்டுனாங்களே, அப்பவே ஏறிடுச்சு."

கயலின் கை லட்டு டப்பாவின் மேல் நின்றது.

"சட்டத்துல அது கணக்குக்கு வருமா?" என்றேன். கேட்டிருக்கவேண்டிய முதல் கேள்வி அதுதானா என்று இப்போது தோன்றுகிறது. வக்கீல் புத்தி.

"ஒருத்தர்தானே மேடம். அறுபது விழுக்காட்டுல அவரு எங்க வராரு? பேரு எங்களுக்குத் தெரியாது. மூணாவது வரிசை, நடைபாதை ஓரம்."

கயலுக்குத் தெரிந்தது. மேடையில் நிற்பவர்களுக்கு முன்வரிசை முகங்கள் மறப்பதில்லை. "அவருக்கு அன்னைக்குச் சால்வை போட்டாங்க மேடம். திருவிழாவுக்குத் தற்காலிகக் கரெண்டு கனெக்‌ஷன் குடுத்தவரு. ஈ.பி.ல உதவி இன்ஜினியர், சந்தனகுமார்னு பேரு சொன்னாங்க." சொல்லிக்கொண்டே அந்த டிரைவருக்குப் போன் போட்டு, இறந்துபோன அம்மாள் அவருக்கு யார் என்று கேட்டாள். ஸ்பீக்கரில் அவன் குரல் வெள்ளந்தியாக வந்தது.

"ஆமாம்மா, அவரு அம்மாதான் அது. அன்னைக்கே சொன்னேனே."

"நீ சொல்லலப்பா."

"'நம்ம ஈ.பி. ஆபீசர் அம்மா'ன்னு சொன்னேன்மா. நீங்க ஏதோ முணுமுணுன்னு சொல்லிப் பாத்துக்கிட்டு வந்தீங்க. காதுல விழல போல."

நாற்பதடித் தெரு, கழுத்தளவு வாய்க்கால் என்று அவள் அப்போதே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை.

அடுத்த நாளே இரண்டு பேரும் அரசவனூர் மின்வாரிய அலுவலகத்துக்குப் போனோம். மின்கம்பி உருளைகளுக்கு நடுவே வளைந்து போனால் அவர் அறை. நாற்பது வயசு இருக்கும். எழுந்து நின்று உட்காரச் சொன்னார், டீ சொல்லி அனுப்பினார்.

"ஜெயிச்சுட்டீங்களாமே டீச்சர், சந்தோஷம்" என்றார். குத்தலாக இல்லை. நிஜமாகவே சொன்னார்.

"சார், அது உங்க அம்மான்னு எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டீங்களா?"

எந்த மேடையிலும் பதிலுக்குத் தடுமாறாத கயல் கைப்பையின் வாரைத் திருகினாள்.

"இல்ல, சொல்லணும்தான்" என்றார் அவரே. "இந்த ஊர்ல ஒருத்தரும் மைக் முன்னாடி நின்னு சொன்னதில்ல. நானே சொன்னதில்ல. அன்னைக்கு ஆர்.டி.ஓ. வரைக்கும் போன் போட்டேன். மனுவாக் குடுங்க, விசாரிக்கறோம்னாங்க. பொணத்தை வீட்டுல வச்சுக்கிட்டு மனு எழுதவா? தண்ணியில எறங்கிட்டோம். தேரடித் தெருவுல பாதி வீட்டுக்கு நான்தான் லைன் குடுத்தேன். மாடியில நிக்கறவங்க மூஞ்சியெல்லாம் எனக்குத் தெரியும். அதையெல்லாம் நீங்க எடுத்துச் சொன்னதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல டீச்சர். கைதட்டு விழுந்துச்சு பாருங்க, அதுதான். எங்கம்மாவை அப்படித் தூக்கிட்டுப் போனதுக்குக் கைதட்டு."

"கோர்ட்டில் வந்து சொல்லியிருக்கலாமே?" என்றேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. ஏதாவது ஒரு தப்பு அவர் பக்கமும் இருந்தால் தேவலை என்று இருந்ததோ என்னவோ.

"எந்தப் பக்கம் மேடம்? தலைவரு வந்தாரு. 'நீங்களும் புண்பட்டிருப்பீங்க சார், சாட்சிக்கு ஒரு கையெழுத்துப் போடுங்க'ன்னாரு. அவங்க கையெழுத்துக்குக் கீழ என் கையெழுத்தா? முடியாதுன்னுட்டேன். உங்க பக்கம் வரலாம்னா, நீங்க கூப்பிடவே இல்லையே."

கூப்பிடவில்லைதான். எனக்கு அவர் தேவைப்படவில்லை. என் வாதத்தில் இறந்தவர் ஒரு சம்பவம், அவ்வளவுதான். அவருக்கு வீடு இருந்ததா, பிள்ளைகள் இருந்தார்களா என்று ஒரு நாள்கூட நான் விசாரிக்கவில்லை. பேச்சுரிமைக்காக அத்தனை நாள் தொண்டை கிழிய வாதாடினேன், யாரைப் பற்றிய பேச்சு என்று கேட்கத் தோன்றவில்லை. என் கைகள் சில்லிட்டிருந்தன. புடவைத் தலைப்புக்குள் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"மன்னிச்சிடுங்க சார்" என்றாள் கயல். "இனிமே எந்த மேடையிலயும் இதைச் சொல்ல மாட்டேன்."

அவர் பதறிவிட்டார். "அப்படிப் பண்ணிடாதீங்க! பாதை இன்னும் வரல. நாளைக்கு எங்க சித்தப்பாவுக்கு ஒண்ணுன்னா மறுபடியும் அதே வாய்க்கால்தான். நீங்க சொல்லணும்."

"எப்படிச் சொல்லட்டும்?"

"எனக்கும் தெரியல டீச்சர். கைதட்டு விழாத மாதிரி சொல்ல முடியுமான்னு பாருங்க."

டீ வந்தது. கொண்டுவந்தவர் டம்ளர்களை வைத்துவிட்டு வெளியே போனார். அப்புறம் கயல் கேட்டாள்.

"அம்மா பேரு என்ன சார்?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பேச்சு மேடையேறி, மைக் நின்று, வழக்காகி, தீர்ப்பும் வந்துவிட்டது. காவல்துறை, விழாக் குழு, அரசு வக்கீல், நீதிபதி, நான், யாருமே கேட்காத கேள்வி அது. அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். கடைசியில் மெதுவாகப் பெயரைச் சொன்னார்.

"இது மேடைக்கு இல்ல டீச்சர். நீங்க கேட்டீங்கன்னு சொன்னேன்."

கயல் இப்போதும் அந்த வாய்க்காலைப் பற்றிப் பேசுகிறாள். ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் உருவிப் போட்டுவிட்டு, ரயில் தாமதத்தை அறிவிப்பதுபோலச் சொல்கிறாள். தட்டுவதற்கு இடமே கொடுப்பதில்லை. கூட்டம் நெளிகிறது, சிலர் எழுந்து போகிறார்கள். விழாக்காரர்கள் வேறு ஆளைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். அவளுடைய குரலுக்கு ஒரு தடையும் இல்லை, கூப்பிடத்தான் ஆள் குறைந்துபோனது. ஒருமுறை போனில் கேட்டேன், இது உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்று. "வேற மாதிரி சொல்ல வாய் வரமாட்டேங்குது மேடம்" என்றாள்.

இதை எழுதலாமா என்று சந்தனகுமாரைக் கேட்டேன். எழுதுங்க, பாதை வரவரைக்கும் எழுதிக்கிட்டே இருங்க என்றார். அந்தப் பெயரையும் எழுதட்டுமா என்று மட்டும் நான் கேட்கவில்லை, அதற்கு அவர் முன்பே பதில் சொல்லியாயிற்று. பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இங்கே அச்சிட்டால் எந்தச் சட்டமும் என்னைத் தடுக்காது, யாரும் வழக்குப் போட முடியாது, படிப்பவர்கள் ஒருவேளை பாராட்டவும் செய்வார்கள். ஒருவர் மட்டும்தான் புண்படுவார்.